ஏழாம் நம்பர் கவுண்டரில் ஓசை இல்லை

சுவிட்சைப் போட்டதும் 'பீப்' என்று ஒரே ஒரு சின்னச் சத்தம் வந்தால் கம்ப்யூட்டர் நலமாக இருக்கிறது என்று பொருள். ராம் என்கிற நினைவகப் பட்டை இருக்கிறதா, டிஸ்ப்ளே இருக்கிறதா, கீபோர்டு இருக்கிறதா என்று தன்னைத் தானே தொட்டுப் பார்த்துக்கொண்டு, எல்லாம் சரி, உட்காருங்கள், வேலையை ஆரம்பிக்கலாம் என்று அது சொல்கிறது. விட்டுவிட்டு நீளமாகக் கத்தினால் ராம் சரியாக உட்காரவில்லை. ஒன்றும் சொல்லாமல் விளக்கு மட்டும் ஆரஞ்சு நிறத்தில் முறைத்துக்கொண்டிருந்தால் மதர்போர்டு போய்விட்டது. மெக்கானிக் பதினாறு வருடமாக இந்தச் சத்தங்களைக் கேட்டுத்தான் குடும்பம் நடத்திவந்தான். அந்த ஒரு பீப் சத்தத்தைக் குற்றம் என்று எழுதிவைக்கும் ஒரு தலைமையகம் தன் அக்கா வேலை பார்க்கும் இடத்திலேயே இருக்கிறது என்பது மட்டும் அவனுக்குத் தெரியாமல் இருந்தது.

அக்கா பதிவேட்டுத் தலைமையகத்தில் ஏழாம் நம்பர் கவுண்டரில் ஆபரேட்டர். ஐந்து மாடி, அடியில் ஒரு கிடங்கு. பிறந்தவர், இறந்தவர், வீடு மாறியவர் எல்லோருடைய விவரமும் அந்தக் கட்டடத்துக்குள்தான் இருந்தது. நகல் வேண்டுமென்றால் தரைத்தளத்தில் பதினோரு கவுண்டர்களில் ஒன்றில் போய் நிற்க வேண்டும். பழைய மெக்கானிக் ஒருநாள் வராமல் நின்றுவிட்டதால் அந்த இடத்துக்குத் தம்பியைக் கொண்டுவந்து சேர்த்தது அக்காதான்.

அக்காவுக்கு வாய் என்றால் அப்படி ஒரு வாய். ஒரு பிறப்புச் சான்றிதழ் நகல் வாங்க வருகிறவர், பிள்ளைக்கு என்ன வயசு, சளி விட்டுப்போச்சா, மூத்தவன் இப்போ என்ன பண்றான் என்று எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டுத்தான் போக முடியும். வீட்டில் ரேடியோ வாங்காததற்கு அதுதான் காரணம் என்று மாமா, அதாவது அக்காவின் கணவர், வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். சிரித்துவிட்டு அக்கா பக்கமே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவார்.

முதல் நாள் காலை ஒன்பதரை மணிக்கு மணி அடித்தது. கவுண்டர்களில் யாரும் சுவிட்சைத் தொடவில்லை. எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேர் ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு சத்தமில்லாமல் உள்ளே வந்தார்கள். ஒருவர் மூத்த கேட்பாளர், இன்னொருவர் இளைய கேட்பாளர். இரண்டாம் மாடியில் இருக்கும் ஓசை விளக்கப் பிரிவைச் சேர்ந்தவர்கள். கையில் தடியான பதிவேடு. ஒவ்வொரு கவுண்டராக நின்று, "போடுங்க" என்பார் மூத்தவர். ஆபரேட்டர் சுவிட்சைப் போடுவார். இருவரும் தலையை ஒரே பக்கமாகச் சாய்த்துக் கேட்பார்கள்.

ஏழாம் நம்பரில் அக்கா சுவிட்சைப் போட்டதும் நல்ல கம்ப்யூட்டர் சொல்ல வேண்டியதை அது சொன்னது.

"ஒரு குறுகிய ஓசை," என்றார் மூத்தவர்.

"ஒரு குறுகிய ஓசை, உறுதி," என்றார் இளையவர். எழுதினார்கள். இரண்டு கையெழுத்து. அக்காவின் முகம் சுண்டிப்போனதை மெக்கானிக் அப்போதுதான் பார்த்தான்.

மற்ற பத்துக் கவுண்டர்களில் எந்தச் சத்தமும் வரவில்லை. திரையும் வரவில்லை. கேட்பாளர்கள் ஒவ்வொன்றுக்கும் 'ஓசை இல்லை. கோளாறு இல்லை' என்று எழுதி, அங்கே உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்து லேசாகத் தலையசைத்துவிட்டுப் போனார்கள். அந்தப் பத்துப் பேரும் இருண்ட திரைக்கு முன்னால் கீபோர்டில் கையை வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். கதவு திறந்ததும் உள்ளே வந்த ஜனங்கள் யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. நேராக ஏழாம் நம்பருக்கு வரிசை கட்டினார்கள். வரிசை வாசலைத் தாண்டி நடைபாதை வரைக்கும் போனது.

அரை மணி நேரத்தில் மெக்கானிக்குக்கு ஒரு தாள் வந்தது. ஏழாம் நம்பரில் ராம் கோளாறு, உடனே மாற்றவும். அவன் போய் கழற்றிப் பார்த்தான். ராம் கண்ணாடி மாதிரி இருந்தது. அது புது ராம் என்றும் நேற்று மாற்றியது என்றும் அதற்கு முந்தின நாளும் மாற்றியது என்றும் அக்கா சொன்னாள். கழற்றியதைக் கிடங்குக்கு அனுப்பிவிட்டு இன்னொரு புது ராமைப் போட்டான். கம்ப்யூட்டர் நன்றியோடு 'பீப்' என்றது. கவுண்டருக்குப் பின்னால் நின்றிருந்த இளைய கேட்பாளர் பதிவேட்டைத் திறந்தார்.

விஷயம் என்னவென்று விசாரித்ததில் மெக்கானிக்குக்குத் தலை சுற்றியது. இருபத்திரண்டு வருடத்துக்கு முன் தலைமையகம் முதன்முதலாக வாங்கிய கம்ப்யூட்டர்கள் வேறொரு கம்பெனியுடையவை. அவை நலமாக இருந்தால் வாயைத் திறக்காது. ஒரு பீப் அடித்தால் ராம் கோளாறு. அதை வைத்து ஒரு குழு எட்டு மாதம் உட்கார்ந்து ஓர் அட்டவணை எழுதியது. அந்த அட்டவணை இப்போது கண்ணாடிச் சட்டத்துக்குள் இயக்குநர் அறையில் மாட்டியிருந்தது. அந்தக் கம்ப்யூட்டர்களில் ஒன்றுகூட இன்று இல்லை. அந்தக் கம்பெனியே இல்லை. இப்போதைய கம்ப்யூட்டர்களின் பாஷை நேர் எதிர். ஆக, நல்லதெல்லாம் தினமும் காலையில் கெட்டது என்று பதிவாகிக்கொண்டிருந்தது. செத்ததெல்லாம் நலம்.

தனக்குத் தெரிந்ததைச் சொன்னால் சந்தோஷப்படுவார்கள் என்று நினைக்கிற அளவுக்கு மெக்கானிக் வெகுளியாக இருந்தான். நேராக ஓசை விளக்கப் பிரிவின் இயக்குநரிடம் போனான். கம்ப்யூட்டரோடு வந்த கையேட்டையும் கொண்டுபோய் அந்தப் பக்கத்தை விரித்துக் காட்டினான். இயக்குநர் மென்மையான மனிதர். குரல் உயர்த்தியே பேசமாட்டார். அறையில் மின்விசிறிகூட இல்லை. அது ஓசை செய்யும். கையேட்டைத் தொடாமல், இரண்டு விரலால் மேசை ஓரத்துக்குத் தள்ளிவைத்தார்.

"தம்பி, கம்பெனி இன்னிக்கு ஒண்ணு வரும், நாளைக்கு வேற ஒண்ணு வரும். அட்டவணை அப்படி இல்ல. மிஷின் சொல்றதுக்கு ஏத்த மாதிரி நாம அட்டவணைய மாத்த ஆரம்பிச்சா, இங்க யாருக்குக் கீழ யாரு வேலை பாக்கறாங்கன்னு ஒரு கேள்வி வந்துரும். அந்தக் கேள்வி வராம பாத்துக்கறதுதான் இந்தப் பிரிவோட வேலையே."

மெக்கானிக் விடவில்லை. சத்தம் வராத கம்ப்யூட்டர்களில் எதுவுமே ஓடவில்லையே, அதை யாரும் பார்க்கவில்லையா என்று கேட்டான். பார்ப்பது தங்கள் பிரிவு இல்லை என்றார் இயக்குநர். கெட்டிக்கார ஆளாக இருக்கிறாயே, நாலாம் மாடிக்கு ஒரு நடை போய் வா, அது நமக்கெல்லாம் முன்மாதிரி என்று தோளைத் தட்டி அனுப்பினார்.

நாலாம் மாடிக் கதவில் வரிசையாக ஆறு கேடயங்கள் மாட்டியிருந்தன. தொடர்ந்து ஆறு வருடம் ஓசையற்ற பிரிவு. உள்ளே நாற்பது மேசை, நாற்பது கம்ப்யூட்டர், நாற்பது பேர். எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஆரஞ்சு விளக்கு அசையாமல் எரிந்துகொண்டிருந்தது. வேலை செய்யும் கம்ப்யூட்டரில் ஹார்ட் டிஸ்க் விளக்கு விட்டுவிட்டு மினுக்கும். அட்டவணையின் இரண்டாம் பாகத்தில் அதற்குத் 'தயக்கம்' என்று பெயர். அசையாத ஆரஞ்சுக்கு 'உறுதிப்பாடு'. மெக்கானிக் ஒரு பெட்டியைத் திறந்தான். உள்ளே தூசி விரலளவு. மதர்போர்டில் கருகிய ஓட்டை. அடுத்ததைத் திறந்தான். அதற்குள் எலி குடித்தனம் நடத்திவிட்டுக் காலி செய்துகொண்டு போயிருந்தது.

இதெல்லாம் எப்போது நின்றுபோனது என்று பக்கத்து மேசைக்காரரிடம் கேட்டான். அவர் பதில் சொல்லவில்லை. காது கேட்கவில்லையோ என்று இன்னொருவரிடம் கேட்டான். நாற்பது பேரும் அவனையே பார்த்தார்கள். ஒருவர் மட்டும் உதட்டில் விரலை வைத்துக் காட்டினார். எங்கோ ஒரு நாற்காலி கிரீச்சிட்டது. நாற்பது முகமும் வெளுத்தது. மெக்கானிக் மூடியைச் சத்தம் வராமல் மூடிவிட்டு நுனிக்காலில் நடந்து வெளியே வந்தான். வந்த பிறகுதான் தானும் நுனிக்காலில் நடந்தது அவனுக்கு உறைத்தது.

அன்று மதியம் அக்கா சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்காமலே மீதி விவரத்தைச் சொன்னாள். எப்போதும் போல மடமடவென்று சொன்னாள். ஆனால் நடுநடுவே பின்னால் திரும்பிப் பார்த்தாள். ஒரு கவுண்டரில் அஞ்சு தடவை ராம் மாற்றியும் ஓசை நிற்காவிட்டால் பெட்டியை மாற்றுவார்கள். மூணு பெட்டி மாற்றியும் நிற்காவிட்டால் மிச்சம் இருக்கிற பாகத்தை மாற்றுவார்கள். மிச்சம் இருக்கிற பாகம் ஆபரேட்டர்தான். கீபோர்டு என்றால் கீபோர்டும் அதன் மேல் இருக்கும் கைகளும், கைகளுக்கு உரியவரும் என்று ஒரு திருத்தம் வந்து பத்து வருடமாகிறது. மாற்றிய பாகங்களெல்லாம் கிடங்குக்குப் போகும்.

"எனக்கு ரெண்டு பெட்டி மாத்தியாச்சுடா," என்றாள் அக்கா. "இது மூணாவது. இதுலயும் நாலு ராம் போயாச்சு. மத்தவங்க எல்லாம் கெட்டிக்காரங்க, மிஷின் சாவட்டும்னு விட்டுட்டாங்க. நான் அப்படி விட்டா, வரிசையில நிக்கறவங்க எங்க போவாங்க?"

கிடங்கு என்றால் என்ன, சாமான் அறைதானே, அங்கே ஒரு நாற்காலி போட்டு உட்காரவைப்பார்கள், அவ்வளவுதானே என்று மெக்கானிக் தனக்குத்தானே தைரியம் சொல்லிக்கொண்டு, ராம் எடுத்துவரும் சாக்கில் அன்றே கீழே இறங்கினான். படிக்கட்டு முடிந்த இடத்தில் கம்பிக் கதவு. உள்ளே கூரை வரைக்கும் அடுக்கிய நல்ல ராம்கள், நல்ல பெட்டிகள், நல்ல கீபோர்டுகள். ஒவ்வொன்றிலும் நூலில் கட்டிய அட்டை. கீபோர்டு அடுக்குகளுக்கு அப்பால் ஒரு நீளமான பெஞ்சில் ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் கழுத்திலும் அதே நூல், அதே அட்டை. நடுவில் உட்கார்ந்திருந்த ஒரு பெண், வெளியே மழையா என்று கேட்டாள். இல்லை, வெயில்தான் என்றான். அவள் அதைப் பக்கத்திலிருந்தவருக்குச் சொல்ல, அவர் அடுத்தவருக்குச் சொல்ல, வெயில் என்ற செய்தி பெஞ்சின் கடைசி வரைக்கும் போய்ச் சேர்ந்தது. அந்தக் கடைசியில் உட்கார்ந்திருந்தவரின் அட்டையில் 'மெக்கானிக்' என்று எழுதியிருந்தது; ஒருநாள் வராமல் நின்றுவிட்ட பழைய மெக்கானிக்.

கிடங்குக் காவலர் கடமை தவறாத ஆள். கேட்காமலே பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். ஆபரேட்டர் வகை, மெக்கானிக் உட்பட: வரவு முப்பத்தொன்று, அகற்றப்பட்டது இருபத்திரண்டு, இருப்பு ஒன்பது. வருடக் கடைசியில் லாரி வரும்.

"அகற்றினா எங்க போகும்?" என்று கேட்டான் மெக்கானிக்.

காவலர் அந்தக் கேள்வியை நிஜமாகவே யோசித்துப் பார்த்தார். "பட்டியல்ல இருந்து போயிரும்," என்றார்.

மெக்கானிக்குக்கு அன்று மேலே ஏறிவர இரண்டு தடவை நின்று மூச்சு வாங்க வேண்டியிருந்தது. பயம் என்றால் அப்படி ஒரு பயம். ஆனால் அவன் கைத்தொழில்காரன்; கையில் திருப்புளி இருக்கிறவரைக்கும் ஏதாவது செய்துவிடலாம் என்று நம்புகிற ஜாதி. யோசித்துப் பார்த்ததில் வழி ரொம்பச் சுலபமாக இருந்தது. பீப் சத்தம் கம்ப்யூட்டரிலிருந்து வருவதில்லை. சட்டைப் பொத்தான் அளவு ஒரு சின்ன ஸ்பீக்கரிலிருந்து வருகிறது. இரண்டு ஒயர். பிடுங்கிவிட்டால் கம்ப்யூட்டர் பாட்டுக்கு ஓடும், வாய் மட்டும் இருக்காது. மறுநாள் காலை மணி அடிப்பதற்கு முன் கவுண்டருக்கு அடியில் குனிந்து அதைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். ஹார்ட் டிஸ்க் விளக்கின் ஒயரையும் மறக்காமல் கழற்றினான்.

ஒன்பதரைக்குக் கேட்பாளர்கள் வந்தார்கள். "போடுங்க" என்றார் மூத்தவர். அக்கா போட்டாள். இருவரும் சாய்ந்தார்கள். ஒன்றும் இல்லை. இன்னும் கொஞ்சம் சாய்ந்தார்கள். மூத்தவர் கண்ணை மூடிக்கொண்டுகூடக் கேட்டுப் பார்த்தார். பிறகு 'ஓசை இல்லை. கோளாறு இல்லை' என்று எழுதினார். அவர்கள் முதுகு மறைந்ததும் அக்கா தம்பியின் தலையில் செல்லமாக ஒரு குட்டு வைத்தாள். அன்று வரிசையில் வந்த அத்தனை பேருக்கும் நகல் கிடைத்தது, கூடவே சளிக்குக் கைவைத்தியமும் கிடைத்தது.

இரண்டு நாள் அப்படிப் போனது. மூன்றாம் நாள் ஓசை விளக்கப் பிரிவுக்குள் ஒரு சந்தேகம் எழுந்தது. ஏழாம் நம்பரில் ஓசை இல்லை, சரி. ஓசை இல்லாத மற்ற பத்துக் கவுண்டர்களில் வரிசையும் இல்லை. இங்கே மட்டும் வரிசை நகர்கிறதே? ஓசை எங்கிருந்தாவது வந்துகொண்டுதான் இருக்க வேண்டும். கேட்பாளர்கள் இருவரும் அன்று முழுக்க ஏழாம் நம்பருக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கேட்டார்கள். மாலை நாலு மணிக்குப் பதிவேட்டில் ஒரே வரி எழுதினார்கள்: 'நீண்ட ஓசை, தொடர்ச்சியாக, காலை முதல் மாலை வரை. வரும் இடம்: ஆபரேட்டர்.'

அட்டவணைப்படி தொடர்ச்சியான நீண்ட ஓசை மிக மோசமான வகை. பாகம் பாகமாக மாற்றவேண்டியதில்லை. வியாழக்கிழமை பதினோரு மணிக்கு நேரடிக் கேட்பு என்று அக்காவின் மேசைக்குத் தாள் வந்தது. பத்து நிமிடம் கேட்பார்கள். ஓசை வந்தால் கிடங்கு. தொழில்நுட்பச் சாட்சியாக மெக்கானிக்கும் ஆஜராக வேண்டும்.

ஒயரைப் பிடுங்கியது தான்தானே என்று அவன் தன்னையே நொந்துகொண்டான். பிடுங்காமல் விட்டிருந்தால் அந்தச் சின்ன ஸ்பீக்கராவது அக்காவுக்கு முன்னால் நின்று பழியை வாங்கிக்கொண்டிருக்கும். வியாழக்கிழமை காலை பஸ் நிறுத்தத்தில் நின்று அக்காவிடம் கெஞ்சினான்.

"அக்கா, உன்னக் கும்பிட்டுக் கேக்கறேன். பத்தே நிமிஷம். என்ன கேட்டாலும், என்ன சொன்னாலும் வாயத் திறக்காத."

"நான் பத்து நிமிஷம் பேசாம இருந்தத நீ எப்பவாச்சும் பாத்திருக்கியா?" என்று அக்கா சிரித்தாள். சிரித்து முடித்ததும் அவள் கை தானாக முந்தானை நுனியை முறுக்க ஆரம்பித்தது.

கேட்பு அறையில் சுவர் முழுக்கத் தடித்த துணி தொங்கியது. மேசைக்குப் பின்னால் இயக்குநர், இருபுறமும் கேட்பாளர்கள். நடுவில் ஒரு நாற்காலி. அக்காவை அதில் உட்காரவைத்து, நெற்றிக்கு நேராக ஒரு விளக்கைப் போட்டார்கள். மெக்கானிக்குக்கு மூலையில் இடம். இயக்குநர் தொண்டையைக் கனைக்கக்கூட இல்லை; அது பதிவாகிவிடும்.

"நாங்க யாரையும் தண்டிக்கறது இல்லம்மா, பயப்பட வேண்டாம்," என்றார், அவருக்கே உரிய மென்மையோடு. "நாங்க கேக்கறோம், அவ்வளவுதான். இருபத்திரண்டு வருஷமா ஒருநாள் லீவு போடாம கேட்டுக்கிட்டு இருக்கேன். யாரு என்ன சொல்றாங்கன்னு மட்டும் நான் கவனிச்சதே இல்ல. அது எங்க பிரிவுல வராது. எத்தனை தடவை, நீளமா குறுகலா. அதுக்கு மேல காது கொடுத்தா பாரபட்சம் வந்துரும்."

கடிகாரத்தைத் திருப்பி வைத்தார்கள். "போடுங்க" என்றார் மூத்த கேட்பாளர். யாரை, எதைப் போடச் சொல்கிறார் என்று புரியாமல் அக்கா திருதிருவென்று விழித்தாள். விளக்கு இன்னும் கொஞ்சம் பிரகாசமானது. ஆரம்பித்துவிட்டது.

ஒரு நிமிடம் போனது. இரண்டு போனது. அக்காவின் உதடு ஒட்டியிருந்தது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. பேசிப் பேசியே பழகியவளுக்குப் பேசாமல் இருப்பது மூச்சைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் உட்கார்ந்திருப்பது போல இருந்திருக்க வேண்டும். மெக்கானிக் தன் மூச்சையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டான். நாலாவது நிமிடத்தில் இயக்குநர் தலையசைத்தார். சும்மா இருக்கும்போது எல்லாப் பாகமும் ஒழுங்காகத்தான் இருக்கும், வேலை கொடுத்துப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, வரிசையிலிருந்து ஒருவரை உள்ளே அழைத்துவரச் சொன்னார்.

வந்தவர் ஒரு தையல்காரர். கழுத்தில் அளவு நாடா அப்படியே தொங்கியது. வேலையை நடுவில் போட்டுவிட்டு ஓடிவந்திருக்கிறார். அக்காவுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அக்காவைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"அம்மா, நேத்து வந்தேனே, ஞாபகம் இருக்கா? எம் பொண்ணோட பிறந்த பதிவு நகல். தேடி எடுத்து வெக்கறேன்னு சொன்னீங்க. பரீட்சைக்கு எழுதிக் கொடுக்க இன்னிக்குப் பன்னெண்டு மணியோட கடைசிம்மா. கிடைச்சுதா?"

கிடைத்திருந்தது. நேற்று மாலையே எடுத்து, மடித்து, ஏழாம் நம்பர் கவுண்டரின் இழுப்பறையில் அக்கா வைத்ததை மெக்கானிக் கண்ணால் பார்த்திருந்தான். இழுப்பறையில இருக்கு, எடுத்துக்கோங்க. மூன்றே சொல். அக்காவின் வாய் திறப்பதற்குத் துடித்தது. அவள் மூலையில் நின்ற தம்பியைப் பார்த்தாள். சொல்லட்டுமா என்று கேட்கிற பார்வை அது. சின்ன வயதில் அப்பா அடிக்க வரும்போது உண்மையைச் சொல்லிவிடட்டுமா என்று இப்படித்தான் பார்ப்பாள். மெக்கானிக் வேண்டாம் என்று தலையை ஆட்டினான்.

அவனாவது சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். அறைக்குள் சாட்சி எழுப்பும் எந்த ஓசையும் நாற்காலியில் இருப்பவர் கணக்கில்தான் எழுதப்படும் என்று வாசலிலேயே எழுதி ஒட்டியிருந்தது.

தையல்காரர் இன்னொரு தடவை கேட்டார். குனிந்து மெதுவாகக் கேட்டார். தான் ஏதாவது தப்பாகப் பேசிவிட்டேனா என்று கேட்டார். அக்காவின் கண்ணிலிருந்து நீர் வழிந்து முகவாயில் நின்றது. மூத்த கேட்பாளர் அந்தத் துளி விழுந்தால் சத்தம் வருமா என்று எட்டிப் பார்த்தார். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் தையல்காரர் மற்றவர்களைப் பார்த்து, "அம்மாவுக்கு ஏதோ உடம்பு சரியில்ல போல. யாராச்சும் கவனிங்க," என்று சொன்னார். சொல்லிவிட்டு, அழக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டு போனார். அப்போது மணி பதினொன்று ஒன்பது.

பத்தாவது நிமிடம் முடிந்ததும் விளக்கை அணைத்தார்கள். இயக்குநர் எழுந்து நின்று கை தட்டினார். உள்ளங்கை படாமல் காற்றில் தட்டினார். வேலை கொடுத்தும் ஓசை வராத பாகத்தைத் தன் அனுபவத்தில் பார்த்ததே இல்லை என்றார். அங்கேயே சான்றிதழ் எழுதினார்கள். கேட்பாளர்கள் கையெழுத்துப் போட்டார்கள். தொழில்நுட்பச் சாட்சிக்கு மூன்றாவது இடம். மெக்கானிக் தாளை ஒரு தடவை வாசித்துப் பார்த்தான். ஆனாலும் போட்டான். அக்கா கிடங்குக்குப் போகவில்லை, பெஞ்சில் பத்தாவது ஆளாக உட்காரவில்லை, லாரியில் ஏறவில்லை. அதற்காக எத்தனை கையெழுத்து வேண்டுமானாலும் போடலாம் என்று தோன்றியது. வெளியே வந்ததும், முடிஞ்சுபோச்சுக்கா, இழுப்பறைச் சாவியைக் கொடு, தையல்காரரை நான் ஓடிப் பிடிக்கிறேன் என்று கையை நீட்டினான். அக்கா சாவியைக் கொடுத்தாள். அவன் நகலோடு வாசலுக்கு ஓடிப் பார்த்தபோது நடைபாதையில் அத்தனை பேர் நின்றிருந்தார்கள், அவர் இல்லை. தெரு முனை வரைக்கும் ஓடினான். எந்தக் கடை, என்ன தெரு என்று அக்காவுக்குத் தெரிந்திருக்கும். திரும்பி வந்து கேட்டான். அவள் கீபோர்டில் கையை வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை ஏழாம் நம்பரில் திரை ஒளிர்ந்தது, விரல்கள் அசைந்தன. கேட்டவர்களுக்கு அக்கா எதையும் சொல்லவில்லை, எதையும் நீட்டவில்லை. வரிசை மதியம் வரைக்கும் நின்று பார்த்துவிட்டு, ஒவ்வொருவராகக் கலைந்தது. சாயங்காலம் தரைத்தளத்துக்கு முதல் கேடயம் வந்தது. அதை மாட்ட ஆணி அடிக்கக்கூடாது என்பதால் பசை போட்டு ஒட்டினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை மாமா ஆள் அனுப்பி மெக்கானிக்கை வரவழைத்தார். வீட்டில் எல்லாம் அது அது இருந்த இடத்தில் இருந்தது. அக்கா குளித்து, தலை சீவி, காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். தம்பியைப் பார்த்தாள். தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். திரும்பப் போய் உட்கார்ந்து நறுக்கினாள். கத்தி பலகையில் படும்போது ஓசை வராதபடிக்குப் பக்குவமாக நறுக்கினாள். நன்றாக இருக்கிறாயா அக்கா என்று கேட்டான். நிமிர்ந்து பார்த்தாள், அவ்வளவுதான்.

மாமா அவனைக் கையைப் பிடித்து வாசல் பக்கம் இழுத்துக்கொண்டு போனார். மூன்று நாளில் பத்து வயது கூடியிருந்தது அவருக்கு.

"வியாழக்கெழமை வந்தவ இப்படியேதான் இருக்கா. சாப்பிடறா, தூங்கறா, சொன்னா செய்யறா. ஒரு வார்த்த இல்ல. திட்டிப் பாத்தேன், அழுதும் பாத்துட்டேன். டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனா, தொண்டைல ஒண்ணும் இல்லங்கறாரு. அவ பையில இந்தத் தாள் இருந்துச்சு."

சான்றிதழ். மாமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாக வாசித்தார். பொருள்: ஆபரேட்டர், ஏழாம் நம்பர். நேரடியாகக் கேட்டதில் ஓசை இல்லை, கோளாறு இல்லை. கீழே மூன்று கையெழுத்து. மாமா மூன்றாவதின் மேல் விரலை வைத்தார்.

"இது உன் கையெழுத்துதானே?"

"ஆமா மாமா," என்றான் மெக்கானிக்.